ஒன்பது கிணறும் ஒரு குளக்கட்டும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
14.3.1982

அன்பு மச்சாள் சிவகௌரிக்கு,

அத்தான் யோகராஜா எழுதிக்கொள்வது. நானும் கலாவதியும் சுகமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்குள் தனிநாடு கேட்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. உமது சுகத்தையும் புதுவெளிச் சனங்களின் சுகத்தையும் எழுதும்.

முதலில் நல்ல செய்தி. கணக்காளராவதற்குக் கப்பலேறி, ஐந்து தரம் பரீட்சை எழுதி, கடைசியில் பிளேஸ்டோ ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் வாங்கிப் போடும் உத்தியோகத்தில் நிலைத்துவிட்ட உமது அத்தான், போன ஞாயிறு தன்னிறைவுக் கிராம நிதியத்தின் செயலாளராகத் தெரிவாகியிருக்கிறார். டாக்டர்களும் எஞ்சினியர்களும் நிறைந்த சபையில் இவனை ஏன் பிடித்தார்கள் என்று கேட்பீர். தமிழில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஆள் வேறு இல்லையாம்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட சனங்களை வவுனியாக் காட்டில் குடியேற்றி, தங்கள் சோற்றைத் தாங்களே விளைவிக்கச் செய்வதற்காக நீர் படிப்பிக்கிற வேலையையே விட்டுவிட்டுப் போனீர் அல்லவா, அதைப் பற்றித் தலைவர் டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா பேசும்போது கண் கலங்கிவிட்டார். கூட்டத்தில் பரிமாறிய ரோல்ஸ் பலகாரத்தில் பச்சை மிளகாயும் சற்றுக் கூடத்தான்.

தீர்மானம் இதுதான்: புதுவெளிக்கு ஒன்பது கிணறு. ஒவ்வொன்றும் ஒருவரின் தாய் அல்லது தகப்பன் ஞாபகார்த்தமாக. கிணற்றுக்கு ஒரு கருங்கல், அதில் பெயர். கல் வெட்டுவதற்குப் பிளேஸ்டோவில் கல்லறைக் கல் செய்யும் வெள்ளைக்காரனிடம் போனேன். ஒன்பது கல் என்றதும் மனுஷன் தொப்பியைக் கழற்றி, "ஒரே விபத்திலா?" என்று கேட்டான். கற்கள் கப்பலில் வரும். கிணறுகளைத் தெருவோரமாக வரிசையாக வெட்டவேண்டுமாம். காரில் வருபவர்கள் இறங்காமலே வாசிக்கலாம்.

கலாவதி உம்மை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புள்ள அத்தான்,
யோகராஜா

புதுவெளி, வவுனியா
9.4.1982

அன்புள்ள அத்தானுக்கு,

முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசுங்கள். சுயாட்சி கொடுக்கவேண்டாம். நானும் இங்கே சனங்களும் கடவுள் புண்ணியத்தில் இருக்கிறோம்.

செயலாளர் பதவிக்கு வாழ்த்து. இனி என் கோபத்தை ஒரே விலாசத்துக்கு அனுப்பலாம்.

கருங்கல்லை லண்டனிலிருந்து வன்னிக்கு அனுப்புகிறார்கள் என்று வாசித்தபோது சிரித்துவிட்டேன். இங்கே மண்ணுக்குள் வேறு ஒன்றும் இல்லை. உங்கள் தலைவர்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அங்கே மண்வெட்டியைக் காட்டினாலே தண்ணீர் வரும். இங்கே வெட்டிய முதல் கிணற்றில் நாலு ஆள் ஆழத்தில் பாறை. இரண்டாவதிலும் அதே பாறை. ஒரே குடும்பமாக இருக்கவேண்டும்.

இங்கே விவசாயம் என்றால் குளம். நாவலடிக் குளத்தின் கட்டு போன மாரியில் உடைந்து, நட்ட நெல் முழுவதும் போய்விட்டது. கட்டைத் திருத்தி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வானைக் கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டினால், கிராமம் முழுவதும் காலபோக நெல் விதைக்கலாம். ஐப்பசி மழைக்கு முன் முடியவேண்டும்.

ஜம்புநாதனைப் பற்றி முன்பு எழுதினேன், தோட்டத்தில் லொறி ஓட்டியவர், இங்கே எல்லாரும் அவர் சொல்லைத்தான் கேட்பார்கள். நேற்று வந்து சொன்னார்: "டீச்சரம்மா, இன்னொரு போகம் போச்சுன்னா நான் யாரையும் புடிச்சு வைக்க முடியாதுங்க. கூலிக்குப் போயிடுவாங்க. நானும்தான்."

ஆகவே ஒரே கேள்வி. ஒன்பது கிணற்றுக்குப் பதிலாக ஒரு கட்டு தருவார்களா? கூட்டத்தில் கேட்டு எழுதுங்கள்.

கலாவதி அக்காவுக்கு என் அன்பு.

மச்சாள்
சிவகௌரி

ஈஸ்ட் ஹாம்
23.5.1982

அன்பு மச்சாளுக்கு,

உமது கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது, நாங்களும் சுகம். வெயில் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் பூங்காவில் படுத்துக்கிடந்து காய்கிறார்கள். நமது ஆட்கள் கறுத்துப்போவோம் என்று குடையோடு திரிகிறார்கள்.

தலைவர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். அதன் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்பதற்காக எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டார். மூன்று தரம் சாத்தினார். கஸ்பர் மாஸ்டர், "நல்ல சத்தம் டொக்டர், இன்னொருக்கால் சாத்துங்கோ" என்றார். மாஸ்டர் தகப்பன் பேரில் கிணறு கொடுப்பவர். தலைவருடைய தாயாரின் கிணற்றுக்குப் பக்கத்துக் கிணறு வேண்டும் என்று நிற்கிறார்.

கற்கள் கப்பலேறிவிட்டன. கொழும்பிலிருந்து லொறி ஒழுங்கு செய்தாயிற்று. சபைக்கு இப்போது படங்கள் வேண்டுமாம்: முடிந்த கிணறுகளில் சனங்கள் தண்ணீர் அள்ளுவதுபோல. சிரித்த முகமாக இருந்தால் நல்லது.

குளக்கட்டு விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தேன். கருத்துகள் பரிமாறப்பட்டன.

கலாவதி மிளகாய்த்தூள் கேட்கிறாள். இங்கே விற்பது மிளகாயைக் கனவில் கண்ட தூள்.

அன்புடன்,
யோகராஜா

புதுவெளி
20.6.1982

அத்தானுக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மிளகாய்த்தூள் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதில் கோபம் கலக்கவில்லை. கடிதத்துக்கு மிச்சம் பிடித்தேன்.

படங்கள் இத்துடன். எப்படி எடுத்தோம் என்று கேளுங்கள். ஐந்து கிணறு வெட்டியாயிற்று. நான்கில் தண்ணீர் இல்லை. ஐந்தாவதில் இருப்பது தவளைக்கே போதாது. ஆகவே டிராக்டரில் தண்ணீர்ப் பவுசர் பூட்டி, குறுக்கு வழியே போய், பெரிய ரோட்டுக்கு அப்பாலுள்ள குளத்தில் தண்ணீர் ஏற்றிவந்து கிணறுகளுக்குள் ஊற்றினோம். பெண்களை நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்னேன். சிரித்தார்கள். படம் எடுத்தவன் போனதும் அதே பெண்கள் வாளியை இறக்கி, பாறைக்குள் போனது போக மிஞ்சியதை அள்ளிக்கொண்டு போனார்கள். அது அன்றைக்குச் சமைக்கிற தண்ணீர். லண்டனுக்குக் காட்டுவதற்காகப் புதுவெளி அன்று இரவு கால்வயிறு.

இந்தப் பச்சைப் பொய்க்கு நான் உடந்தை. படம் போகாவிட்டால் வித்து நெல்லுக்குக் காசு வராது என்று உங்கள் சபை தனியாக எழுதியிருந்தது. நீங்கள் எழுதியதுதான், கையெழுத்து உங்களுடையது.

நான் அறிய விரும்புவது: "கருத்துகள் பரிமாறப்பட்டன" என்றால் என்ன? யார் என்ன கருத்தை யாருக்குக் கொடுத்து எதை வாங்கினார்? கார்க் கதவு மூன்று தரம் சாத்தப்பட்டதை எழுதத் தெரிந்த உங்களுக்கு இதை எழுத ஏலாதா?

ஐப்பசி ஒருவருக்காகவும் காத்திருக்காது.

சிவகௌரி

ஈஸ்ட் ஹாம்
2.8.1982

அன்பு மச்சாளுக்கு,

பதில் பிந்திவிட்டது. ஷிப்ட் மாற்றம், முழங்கால், கலாவதிக்குத் தடிமனும் தும்மலும் என்று மூன்று காரணம் வைத்திருந்தேன். மூன்றும் உண்மை, ஒன்றும் காரணமில்லை. இப்போது எல்லாரும் சுகம்.

படங்கள் சபையில் கைக்குக் கை மாறின. எல்லாரும் முதலில் கல்லைத்தான் பார்த்தார்கள். கற்கள் வந்து சேர்வதற்கு முன் எடுத்த படம் என்று விளங்கியதும், "பிறகு ஒருக்கால் எடுக்கச் சொல்லுங்கோ" என்று திருப்பித் தந்தார்கள்.

கருத்துப் பரிமாற்றம் கேட்டீர். இதோ.

"குளக்கட்டு எண்டால் என்ன, ஒரு மண்மேடுதானே? அதிலை எங்கை பேர் போடுறது?" என்றார் தலைவர்.

"கட்டின்ரை ஒரு முனையிலை போர்ட் நடலாம்," என்றார் எஞ்சினியர் செல்வரத்தினம்.

"போர்ட்டிலை ஆருடைய பேர் முதல்?" இது கஸ்பர் மாஸ்டர்.

"அகர வரிசையிலை போடுவம் அண்ணை."

தலைவரின் பெயர் 'ஸ்' என்று தொடங்குவதால் அவருக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. "எங்கடை அப்பு அம்மா குளத்தை நம்பியே எங்களைப் படிப்பிச்சவை? கிணத்துத் தண்ணியிலைதான் நாங்கள் டொக்டர் ஆனனாங்கள்," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்ததால் கை தட்ட வசதிப்படவில்லை. கட்டுக்கு இல்லை என்று முடிவு. இதை எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

இன்னொன்று. தலைவரின் மனைவி பாலாம்பிகை அக்கா ஒரு துண்டுக் கடிதம் தந்தார். நல்லூரில் அவருடைய தங்கைக்கு வீட்டுவேலைக்கு ஒரு பிள்ளை வேண்டுமாம். "புதுவெளியிலை ஒரு நம்பிக்கையான பெட்டை இருக்கும். சின்னனாப் பாத்து அனுப்பச் சொல்லுங்கோ, அப்பத்தான் பழக்கி எடுக்கலாம்." நான் தபால்காரன் மட்டுமே. இதை உமக்கு அனுப்பாமல் விடலாமா என்று யோசித்தேன். அனுப்பினால் நீர் என்ன எழுதுவீர் என்று அறிய ஆசையாக இருந்தது.

யோகராஜா

புதுவெளி
19.8.1982

அத்தானுக்கு,

இன்றைக்குச் சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

ஜம்புநாதனின் மகள் ரமாவை ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். படிப்பிக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். படித்த வீடு, படமெல்லாம் மாட்டிய வீடு. இரண்டு வருடம் கழித்துத் தகப்பன் பார்க்கப் போனபோது, பிள்ளை குசினியில் அடுப்படி நிலத்தில் கோணிச் சாக்கில் படுத்திருந்தது. காலில் சுடுதண்ணீர் பட்ட புண். ஜம்புநாதன் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். புதுவெளிக்கு அவர் வந்து சேர்ந்தது உங்கள் சபையின் தன்னிறைவைக் கேள்விப்பட்டல்ல. மகளை இனி ஒரு வீட்டுக்கும் அனுப்பக்கூடாது, அதற்கு ஒரு துண்டு வயல் வேண்டும், அவ்வளவுதான்.

ரமாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. இங்கே நான் நடத்தும் வகுப்பில் முன்வரிசை. இந்த மழைக்கும் கட்டு இல்லை, நெல் இல்லை என்றால் அவள் எங்கே போவாள் என்று பாலாம்பிகை அக்கா இப்போதே துண்டில் எழுதி அனுப்பிவிட்டார்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால்தான் உங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் பிள்ளைகள் கிடைக்கும். கூட்டத்தில் கண் கலங்குவதும் துண்டு எழுதுவதும் ஒரே வீட்டில் எப்படி நடக்கிறது?

இதை யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டுங்கள்.

சிவகௌரி

ஈஸ்ட் ஹாம்
12.9.1982

அன்பு மச்சாளுக்கு,

கலாவதி உமது கடிதத்தை வாசித்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். மற்றப்படி நாங்கள் சுகம்.

வாசித்துக் காட்டச் சொன்னீர். காட்டினேன். தலைவர் வீட்டில் கூட்டம். பாலாம்பிகை அக்கா ரோல்ஸ் தட்டோடு வந்த நேரம் பார்த்து எழும்பி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். அரைவாசியில் தலைவர் குறுக்கே வந்தார்.

"யோகராஜா, இது கூட்டத்திலை வாசிக்கிற கடிதமே?"

"ஓம் டொக்டர். உங்கடை வீட்டிலையிருந்து போன கடிதத்துக்கு வந்த பதில். நான் செயலாளர். வந்ததை வாசிக்கவேணும்."

"நாங்கள் அந்தப் பிள்ளையளுக்குச் சோறு போடுறம், உடுப்புக் குடுக்கிறம்..." என்றார் பாலாம்பிகை அக்கா.

"அதுகள் தங்கடை சோத்தைத் தாங்களே திங்கட்டும் எண்டுதானே அக்கா இந்தச் சபை?" என்றேன்.

மச்சாள், நான் நாற்பத்தெட்டு வயதுவரை எல்லாரையும் சிரிக்கவைத்துச் சாப்பாடு வாங்கிய ஆள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு ரோல்ஸும் கிடைக்கவில்லை.

செயலாளர் பதவியிலிருந்து எனக்கு ஓய்வு தந்துவிட்டார்கள். போவதற்கு முன் கடைசியாக ஒரு தீர்மானத்தை உமக்கு அறிவிக்கும்படி பணித்தார்கள். அறிவிக்கிறேன்: நீர் மன்னிப்புக் கேட்டு எழுதும்வரை காசு வராது. மிச்சக் கிணறுகளுக்கென்று அங்கே அடுக்கியிருக்கும் சீமெந்து, கம்பி, கற்கள் யாவும் கிணற்றுக்கே உரியவை. வேறு எந்த வேலைக்கும் தொடக்கூடாது.

அறிவித்துவிட்டேன். இத்துடன் என் கடமை முடிந்தது. அந்தச் சீமெந்து மழைக்குள் கட்டிபட்டுப் போனால் அதற்கு நான் பொறுப்பாளி அல்ல. அது கட்டிபடாமல் போனாலும் நான் பொறுப்பாளி அல்ல.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

அத்தான்

புதுவெளி
16.10.1982

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் வேலை போனதற்கு வருத்தம். ரோல்ஸ் கிடைக்காததற்கு அதைவிட வருத்தம். இங்கே எல்லாரும் சுகம். நான் மெலிந்துவிட்டேன் என்கிறார்கள், நம்பவேண்டாம்.

அறிவித்தல் கிடைத்தது. ஜம்புநாதனுக்கும் மற்றவர்களுக்கும் சத்தமாக வாசித்தேன். "சரிங்க டீச்சரம்மா, தொடக்கூடாதுன்னா தொடமாட்டோம். மம்பட்டியால எடுக்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு உங்கள் பழக்கம் தொற்றியிருக்கிறது.

இப்போது எல்லாரும் விடிய எழும்பி ஒரு வேலைக்குப் போகிறோம். என்ன வேலை என்று கேட்காதீர்கள். கேட்டால் எழுதவேண்டிவரும். எழுதினால் நீங்கள் அறிந்தவராகிவிடுவீர்கள். என் தலைமயிரில் சீமெந்து. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் சோக்குத் தூள்தான் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட மண் சுமக்கிறார்கள். சுமக்கவேண்டாம் என்று கலைத்தால் மற்றப் பக்கத்தால் வருகிறார்கள்.

கிழக்கே மழை இருட்டுகிறது. இன்னும் சரிபாதி வேலை மிச்சம்.

கலாவதி அக்காவிடம் சொல்லுங்கள், பாத்திரங்கள் போதும்.

சிவகௌரி

ஈஸ்ட் ஹாம்
12.12.1982

அன்பு மச்சாளுக்கு,

எட்டு வாரமாக உம்மிடமிருந்து ஒரு வரி இல்லை. சவுத்தாலில் ஒரு கடைக்காரர், வன்னியில் வெள்ளம், பாலம் உடைந்து தபால் நிற்கிறது என்கிறார். வேறொருவர் மழையே இல்லை என்கிறார். இரண்டு பேரும் ஊருக்குப் போய் ஏழு வருடம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கலாவதி அதைப் பதிவுசெய்து வைக்கவேண்டிய விஷயம் என்கிறாள்.

கட்டு நிற்கிறதா? அதை மட்டும் எழுதும். பகிடி வேண்டாம். சிரிக்கவைக்க நானும் பகிடி விடவில்லை.

ஒரு எச்சரிக்கை. தலைவரும் பாலாம்பிகை அக்காவும் தைப்பொங்கலுக்குக் கொழும்பில் ஒரு கலியாணத்துக்கு வருகிறார்கள். அப்படியே புதுவெளிக்கும் வருகிறார்கள். தாயாரின் கல்லுக்கு மாலை போடவேண்டுமாம். ஒன்பது கல்லும் தெருவோரத்தில் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு வருகிறார். இருக்கின்றனவா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று முன்பு நினைத்தேன். இப்போது வேண்டும்.

அத்தான்
யோகராஜா

புதுவெளி
23.1.1983

அன்புள்ள அத்தானுக்கு,

பயப்படுத்தியதற்கு மன்னியுங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள். பாலம் உடைந்தது உண்மை. தபால் இரண்டு மாதம் வரவுமில்லை, போகவுமில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தது, போய்விட்டது.

கட்டு நிற்கிறது.

இதுவரை எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஏழு குடும்பம் மழைக்கு முன்பே போய்விட்டது. கூலிக்குத்தான். எழுதினால் லண்டனில் "பாத்தியளே, நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்பார்கள் என்று மறைத்தேன். ஒரு வாரம் பொறுத்திருந்தால் அவர்களும் விதைத்திருப்பார்கள். வெறுமையாய்க் கிடக்கும் அந்த ஏழு வீட்டு வளவையும் கடக்கும்போது எனக்கு உங்கள் சபை முழுவதையும் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருக்கும்.

தலைவர் வந்தார். மாலையோடு இறங்கி, தெருவோரம் நடந்தார். கிணறுகளைத் தூர்த்து, மேலே மரவள்ளி நட்டிருக்கிறோம். பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று பயம். "கல்லுகள் எங்கை?" என்று கேட்டார். "வாருங்கோ காட்டுறன்" என்று குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

குளம் முட்ட நிற்கிறது, அத்தான். வானால் தண்ணீர் பாய்கிற சத்தத்தில் பேசுவது கேட்காது. அந்தப் பக்கம் முழுவதும் கதிர் தள்ளிய நெல். அவர் அதைப் பார்க்கவில்லை.

"அம்மாவின்ரை கல்லு எங்கை எண்டு கேக்கிறன்!"

ஜம்புநாதன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நீங்க நிக்கிறதுதாங்க."

மனுஷன் காலைத் தூக்கிப் பின்னுக்கு ஓரடி வைத்தார்.

"அது கஸ்பர் மாஸ்டரோட அப்பாங்க."

அதற்குப் பிறகு எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக்காலில் கொஞ்ச நேரம் நின்றார். செயலாளராக நீங்கள் நின்று பார்த்திருக்கவேண்டிய காட்சி. பெயர் கீழே பார்க்கும்படி கற்களைக் குப்புறத்தான் வானோரம் பதித்தோம். எந்தக் கல் யாருடையது என்று பதித்தவர்களுக்குத் தெரியும்.

"இப்பவே கிளப்பு!" என்றார்.

"கிளப்பலாங்க. கிளப்பினா வான் போயிடும். வான் போனா கட்டு போயிடும். அப்புறம் அந்தா தெரியுது பாருங்க, அது எல்லாமும் போயிடும். நீங்களே முதல் கல்லை எடுத்துக் குடுங்க," என்று ஜம்புநாதன் கல் கிளப்பும் அலவாங்கை நீட்டினார். கேலியாக அல்ல, மரியாதையாகத்தான். டாக்டர் வாங்கவில்லை. மாலையை என் கையில் தந்தார். நான் அதைத் தண்ணீரில் விட்டேன்.

லண்டனிலிருந்து இனி ஒரு சதமும் வராது, என்னையும் நிதியத்திலிருந்து நீக்கியாயிற்று என்று போகும்போது சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே ஒருவரும் என்னை நீக்கவில்லை, இருக்கிறேன்.

பாலாம்பிகை அக்கா காரை விட்டு இறங்கவேயில்லை. நான் கிட்டப் போனபோது கண்ணாடியை இறக்கி, வரம்பால் வந்த ரமாவைப் பார்த்தார்.

"இதுதானே அந்தப் பிள்ளை? ஏன் பிள்ளை, என்னோடை நல்லூருக்கு வாறியே? நல்ல சட்டை எல்லாம் வாங்கித் தருவன்."

ரமா என்னைப் பார்க்கவில்லை. தகப்பனையும் பார்க்கவில்லை.

"வரமுடியாதுங்க. அடுத்த மாசம் எங்க வயல்ல அறுப்பு. வேணுன்னா நீங்க வாங்க, ஆள் பத்தாது," என்றாள்.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. என்னிடம் திரும்பினார்: "இதுகளுக்கு இப்பவே என்ன வாய் வந்திட்டுது, பாத்தீரே?"

"ஓம் அக்கா," என்றேன். "அதுக்குத்தான் கிராமம் அமைச்சனாங்கள்."

முழங்கால் எப்படி என்று எழுதுங்கள்.

மச்சாள்
சிவகௌரி